அம்மாவை ஒப்படைக்க முன் எதைப் பார்ப்பது?



சென்ற மாதம் முதியோர் நலன் பற்றிய எமது உரை முடிந்ததும் நேரடி அழைப்பில் வந்த ஒரு சகோதரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அக்கா, எந்த நேர்சிங் ஹோம் நல்லது எண்டு ஒரு பேரைச் சொல்லுங்கோ. அம்மாவுக்கு அதையே எழுதிக் குடுக்கிறம்." அந்தக் குரலில் அவசரம் இருந்தது. அதற்கு அடியில் குற்ற உணர்வும் இருந்தது.

நான் பெயர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பிரயோசனம் குறைவு. ஒரே கட்டடத்தில் இரண்டாம் மாடி நன்றாகவும் மூன்றாம் மாடி மோசமாகவும் இருப்பதுண்டு. இந்த வருடம் நன்றாக நடக்கும் இடம், பொறுப்பான தாதி ஒருவர் விலகிப் போனதும் அடுத்த வருடம் தளர்ந்துவிடலாம். ஆகவே பெயரைத் தேடுவதைவிட, எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதே மேல். இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் எழுதவில்லை. என் தாயாரும் தன் கடைசி இரண்டு வருடங்களை இங்கே ரொறன்ரோவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில்தான் கழித்தார்.

"பெத்த தாயைக் கொண்டுபோய் விட்டுட்டினம்" என்று ஊர் சொல்லும் என்ற பயம் எங்களில் பலருக்கு உண்டு. அந்தப் பயத்தினாலேயே கடைசி நாள்வரை ஒரு இல்லத்தையும் போய்ப் பாராமல் இருந்துவிடுகிறோம். பிறகு வைத்தியசாலையில் இருந்து அவசரமாக முடிவெடுக்கச் சொல்லும்போது, பார்க்காத இடத்துக்குக் கையெழுத்து வைக்கிறோம். வெட்கம் எங்களுடையது. அதன் விலையைக் கொடுப்பவர் அம்மா.

இரண்டு வகை இல்லங்கள்

ஒன்ராறியோவில் இரண்டு வகை இல்லங்கள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று ரிற்றயர்மென்ற் ஹோம். இது முழுச் செலவையும் நாங்களே கொடுத்து, நாங்களே நேரடியாக ஒழுங்கு செய்யும் இடம். 2010ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்று அதற்கு உண்டு. மற்றது லோங் ரேர்ம் கெயர் ஹோம். எங்கள் ஆட்கள் நேர்சிங் ஹோம் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். 24 மணித்தியாலமும் தாதிப் பராமரிப்புத் தேவைப்படுவோருக்கான இந்த இல்லங்களை 2022 ஏப்ரல் 11 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம் கட்டுப்படுத்துகிறது. இக்கட்டுரை இந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

"காசு கூடக் குடுத்தால் நல்ல இடம் கிடைக்கும் தானே?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. தாதிப் பராமரிப்புக்கு மாகாண அரசு பணம் கொடுக்கிறது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நாங்கள் கொடுக்கும் பங்கின் உச்சத்தொகையை அரசே நிர்ணயிக்கிறது. தனி அறைக்குக் கூடுதலாகக் கட்டலாம், ஆனால் அந்தப் பணம் அறையைத்தான் மாற்றும், பராமரிப்பை மாற்றாது. வருமானம் குறைந்தவர்கள் சாதாரண அறைக்குக் கட்டணக் குறைப்பு கேட்டு விண்ணப்பிக்கலாம்.

நேரம் முக்கியம்

விண்ணப்பம் ஒன்ராறியோ ஹெல்த் அற்ஹோம் என்ற அமைப்பினூடாகவே போகிறது. 2024 யூனில் பழைய பிராந்திய அமைப்புகள் எல்லாம் இதனுள் ஒன்றாக்கப்பட்டன. சாதாரணமாக 5 இல்லங்கள் வரை எழுதிக் கொடுக்கலாம். இடம் கிடைத்தது என்று தொலைபேசி வந்தால் 24 மணித்தியாலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் பொதுவாக விண்ணப்பம் மூடப்பட்டுவிடும். நிலைமை மோசமாக மாறினாலன்றி, திரும்ப விண்ணப்பிக்க 12 கிழமை காத்திருக்க வேண்டும். ஆகவே அழைப்பு வந்தபின் போய்ப் பார்க்கலாம் என்று இருக்க முடியாது. பட்டியலில் பெயர் எழுத முன்னரே பார்த்து முடிக்க வேண்டும்.

வைத்தியசாலையில் இருந்து போகிறவர்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். 2022இல் வந்த சட்டத்தின்படி, வைத்தியசாலைச் சிகிச்சை இனித் தேவையில்லை என்று வைத்தியர் தீர்மானித்தால், குடும்பம் தெரிவு செய்யாத இல்லத்துக்கும் விண்ணப்பம் அனுப்பப்படலாம். தென் ஒன்ராறியோவில் அது 70 கிலோமீற்றர் தூரம் வரை இருக்கலாம். வெளியேற்றப்பட்ட பின்னும் அங்கே போக மறுத்தால் நாளுக்கு 400 டொலர் அறவிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. மார்க்கத்தில் இருக்கும் பிள்ளை 70 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் தாயை வேலை முடிந்து எத்தனை நாள் போய்ப் பார்க்க முடியும் என்று யோசியுங்கள். அம்மா வீட்டில் நடமாடும் காலத்திலேயே இல்லங்களைப் பார்த்து வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கடதாசியில் பார்க்க வேண்டியவை

மாகாண அமைச்சின் பரிசோதகர்கள் ஒவ்வொரு இல்லத்துக்கும் முன்னறிவித்தல் இல்லாமல் போகிறார்கள். அவர்களுடைய அறிக்கைகள் அமைச்சின் இணையத்தளத்தில் இல்லத்தின் பெயர்வாரியாகக் கிடைக்கின்றன. இல்லத்திலும் அவை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்கு ஆங்கிலம் கடினம் என்றால் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி ஒரு மணித்தியாலம் வாசியுங்கள்.

குறை ஒன்றும் இல்லாத இல்லம் அரிது. ஆகவே குறைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அது எழுத்து மூலம் சுட்டிக்காட்டப்பட்ட சிறு தவறா, அல்லது கட்டாயம் திருத்த வேண்டும் என்ற உத்தரவா. உத்தரவு பாரதூரமானது. இரண்டு, அது எதைப் பற்றியது. ஒரு பதிவேட்டில் கையெழுத்து விடுபட்டதும், ஒருவரின் புண்ணுக்கு மருந்து கட்டாமல் விட்டதும் ஒன்றல்ல. மூன்று, அதே தவறு அடுத்தடுத்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறதா. திருந்தாத இடத்தை அது காட்டிவிடும்.

இதைவிட, கனடா முழுவதுக்குமான சுகாதாரத் தகவல் நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதன் ஆங்கிலச் சுருக்கம் சீ.ஐ.எச்.ஐ. விழுந்தவர்கள், படுக்கைப் புண் மோசமானவர்கள், கட்டி வைக்கப்பட்டவர்கள், மனநோய் இல்லாமலே மனநோய் மருந்து கொடுக்கப்படுபவர்கள் என்று இல்லம் இல்லமாக நூற்று வீதங்களை அது தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. மாகாணச் சராசரியோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். இவற்றில் கடைசியாகச் சொன்னதை நன்றாகக் கவனியுங்கள். ஆட்கள் குறைந்த இல்லத்தில், சத்தம் போடும் முதியவரை அமைதிப்படுத்த மாத்திரையே இலகுவான வழியாகிவிடலாம்.

நேரில் பார்க்க வேண்டியவை

முதல் முறை அவர்கள் தரும் நேரத்துக்குப் போங்கள். வரவேற்பறையில் பூச்சாடி, பியானோ, மீன் தொட்டி எல்லாம் இருக்கும். பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள். அம்மா அங்கே வாழப்போவதில்லை. ஆட்கள் வாழும் மாடியைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாம் முறை ஞாயிற்றுக்கிழமை பின்னேரச் சாப்பாட்டு நேரம் போலப் போக அனுமதி கேளுங்கள். அலுவலகத்தில் ஆட்கள் இல்லாத நேரத்தில்தான் உண்மை தெரியும். தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால் அவரைப் பார்க்கப் போகும் சாட்டிலும் பார்க்கலாம்.

சாப்பாட்டு அறையில் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். ஊட்ட வேண்டியவருக்குப் பக்கத்தில் பணியாளர் இருந்து ஊட்டுகிறாரா, அல்லது நின்றபடி வாயில் திணிக்கிறாரா? முழுதாக ஊட்டிவிட வேண்டியவர்களில் ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் ஒருவர் ஊட்டக்கூடாது என்பது விதி. ஊட்ட ஆள் வர முன் தட்டை வைத்து ஆறவிடவும் கூடாது. தொடாத தட்டை எடுக்கும்போது யாராவது ஏன் என்று கேட்கிறார்களா என்றும் பாருங்கள்.

பிறகு மாடியில் நடந்து பாருங்கள். மணம் எங்கும் கொஞ்சம் இருக்கும். ஒரு அறையில் இருந்தால் அப்போதுதான் ஏதோ நடந்திருக்கிறது. விறாந்தை முழுக்க இருந்தால் நெடுநேரமாக ஒருவரும் மாற்றப்படவில்லை. அழைப்பு மணியின் வெளிச்சம் எரிந்தால் மணிக்கூட்டைப் பார்த்து, எத்தனை நிமிடத்தில் ஒருவர் வருகிறார் என்று கணக்கெடுங்கள். படுக்கையில் இருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் அந்த மணி இருக்கிறதா? முதியவர்களின் நகம், மூக்குக் கண்ணாடி, பல்லுச் செற் எப்படி இருக்கின்றன? கண்ணாடி அழுக்காக இருந்தால் காலையில் அவரது முகத்தை ஒருவரும் நின்று பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கடைசியாகச் சில கேள்விகள். இரவில் இந்த மாடியில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்? பதிவு பெற்ற தாதி ஒருவர் எந்நேரமும் கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம், அவர் யார்? ஏஜென்சி மூலம் வருபவர்கள் எத்தனை பேர், நிரந்தரமானவர்கள் எத்தனை பேர்? பராமரிப்புப் பொறுப்பாளர் இங்கே எவ்வளவு காலம்? ஒருவருக்கு நாளுக்குச் சராசரி 4 மணித்தியால நேரடிப் பராமரிப்பு என்பதை 2025 மார்ச்சுக்குள் எட்ட வேண்டும் என்று சட்டம் இலக்கு வைத்தது. அது மாகாணம் முழுவதுக்குமான சராசரி. ஆகவே "உங்கள் இல்லத்தில் எத்தனை மணித்தியாலம்?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லி விளக்குகிறவர் ஒரு வகை, சிரித்து மழுப்புகிறவர் இன்னொரு வகை.

எங்கள் அம்மாக்களுக்கு மட்டும் உரிய ஒன்று

மேலே சொன்னவை எல்லோருக்கும் பொது. இனிச் சொல்வது எங்களுக்கு.

மறதி நோய் முற்றும்போது, பிற்காலத்தில் படித்த மொழி முதலில் கழன்று போவதைப் பலரில் காண்கிறோம். இங்கே முப்பது வருடம் கடையில் ஆங்கிலம் பேசியவரும் ஒரு நாள் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்பார். என் தாயாரிடம் இருந்ததே பத்துச் சொல் ஆங்கிலம்தான். அவர் போன மூன்றாம் கிழமை இல்லத்தில் இருந்து தொலைபேசி வந்தது. இரவில் கத்துகிறார், பணியாளரின் கையைத் தட்டி விடுகிறார், பராமரிப்பை எதிர்க்கிறார் என்று பதிவில் எழுதியிருந்தார்கள். அமைதிப்படுத்தும் மருந்து தொடங்கலாமா என்று கேட்டார்கள்.

ஒரு இரவு நான் கதிரையில் அங்கேயே தங்கினேன். நடுச்சாமம் தாண்டி ஒரு பணியாளர் கதவைத் திறந்து, ரோச் லைற்றைக் கட்டிலை நோக்கி அடித்தார். அவர் நல்ல பிள்ளை, பம்பர்ஸ் நனைந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர். ஆனால் அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு, "பிள்ளையள் இங்கை இல்லை, பிள்ளையள் இங்கை இல்லை" என்று குழறினார். எனக்கு உடனே விளங்கியது. எண்பதுகளில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி இராணுவம் ரோச் அடித்துத் தேடிய இரவுகளில், எங்களைப் பின்வளவால் அனுப்பிவிட்டு அம்மா சொன்ன அதே வசனம் அது.

அடுத்த நாள் தாதியிடம் இதைச் சொன்னோம். அவர் கேட்டு, பராமரிப்புத் திட்டத்தில் எழுதினார்: ரோச் அடிக்க வேண்டாம், அறையில் சிறு இரவு விளக்கு எரியட்டும், கதவைத் திறக்க முன் "அம்மா" என்று கூப்பிடவும், இரவில் பெண் பணியாளரே வரவும். தேவையான ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம்: தண்ணி, நோகுதா, பசிக்குதா, பயப்படாதேங்கோ. பயம் முழுதாக நிற்கவில்லை. ஆனால் அந்த மருந்து தொடங்க வேண்டி வரவில்லை.

இல்லத்தை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. அங்கே போகும்போது உங்கள் அம்மாவின் கதையில் ஒரு சிறு பகுதியைச் சொல்லிப் பாருங்கள். எங்கே பிறந்தவர், எதைக் கண்டு பயப்படுவார், காலையில் கும்பிடாமல் சாப்பிடமாட்டார் என்று. கேட்பவர் பேனாவை எடுக்கிறாரா? "எங்களுக்கு எல்லோரும் ஒரே மாதிரித்தான்" என்று சொன்னால் அது சமத்துவம் போலக் கேட்கும். ஆனால் உங்கள் அம்மாவை அவர்கள் அறிய விரும்பவில்லை என்பதே அதன் பொருள்.

சேர்ந்த பிறகும் பார்வை வேண்டும்

அனுமதியாகி 6 கிழமைக்குள் குடும்பத்தையும் அழைத்துப் பராமரிப்புக் கூட்டம் நடத்த வேண்டும். பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது நடத்த வேண்டும். கட்டாயம் போங்கள். மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே கேட்கவும், ஒவ்வொரு முறை போகும்போது பார்க்கவும் நான்கு விடயம் சொல்கிறேன்.

நிறை: ஒரு மாதத்தில் 5 வீதம், மூன்று மாதத்தில் 7.5 வீதம், ஆறு மாதத்தில் 10 வீதம் நிறை மாறினால் இல்லம் அதை ஆராய வேண்டும். 50 கிலோ அம்மா ஒரு மாதத்தில் 47.5 ஆனால் அது "வயசு போச்சுது தானே" என்று விடும் விடயம் அல்ல. சாப்பாடு பிடிக்கவில்லையா, பல்லு நோகிறதா, விழுங்க முடியவில்லையா என்று கேளுங்கள். வீட்டில் இருந்து கஞ்சி, குழைசாதம் கொண்டுபோக முன், எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று தாதியிடம் கேளுங்கள்.

தோல்: தானாகப் புரள முடியாதவரை 2 மணித்தியாலத்துக்கு ஒரு முறையாவது திருப்பிவிட வேண்டும். படுக்கைப் புண் தொடங்கும்போது தோல் சிவக்கும் என்று சொல்வார்கள். எங்கள் நிறத்தில் சிவப்பு இலகுவில் தெரியாது. அவ்விடம் ஊதா கலந்து இன்னும் கறுத்திருக்கும், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ இறுக்கமாகவோ இருக்கும். குதிக்கால், இடுப்பு, முள்ளந்தண்டின் அடி ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள்.

குளிப்பு: கிழமைக்கு இரண்டு முறையாவது, அவர் விரும்பும் முறையில். ஆண் பணியாளர் குளிப்பாட்டுவதை எங்கள் தாய்மார் பலர் தாங்கமாட்டார்கள். வாய்திறந்து சொல்லவும் மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

மருந்து: புது மருந்து தொடங்க முன் அம்மாவிடமோ, அவரால் முடிவெடுக்க இயலாவிட்டால் சட்டப்படி அவருக்காக முடிவெடுப்பவரிடமோ சம்மதம் பெற வேண்டும். எதற்காக, எவ்வளவு காலம், மருந்தில்லாமல் வேறு வழி பார்த்தீர்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முறையிடப் பயப்பட வேண்டாம்

"முறையிட்டால் அம்மாவில் காட்டுவினம்" என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அரச அலுவலகம் என்றாலே ஒடுங்கி நின்று பழகிய எங்களுக்கு அந்தப் பயம் இயல்பு. ஆனால் முறையிட்டதற்காக ஒருவரை வெளியேற்றவோ, வெளியேற்றுவோம் என்று வெருட்டவோ, வேறுபாடாக நடத்தவோ கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதே சட்டத்தில் வதிவோருக்கு 29 உரிமைகள் எழுதப்பட்டிருக்கின்றன. முதலில் மாடியின் தாதியிடம், பிறகு பொறுப்பாளரிடம், திகதியும் நேரமும் போட்டு எழுத்தில் கொடுங்கள். சரிவராவிட்டால் அமைச்சின் குடும்ப உதவித் தொலைபேசி 1-866-434-0144. அடி, பட்டினி, கவனியாமல் விடுதல் போன்றவை என்றால் காத்திருக்காமல் உடனேயே அழையுங்கள். குடும்பங்கள் சேர்ந்து ஒரு குடும்ப மன்றம் வைக்கவும் உரிமை உண்டு. அதில் ஒரு தமிழ்க் குரல் இருந்தால் சோறும் கஞ்சியும் பட்டியலில் வர வழியுண்டு.

2020 வசந்த காலத்தை மறந்திருக்கமாட்டீர்கள். கொவிட்டால் குடும்பங்களுக்குக் கதவு மூடப்பட்டிருந்தது. உதவிக்குப் போன கனேடிய இராணுவத்தினர் ஒன்ராறியோவின் 5 இல்லங்களில் கண்டதை எழுதியது அந்த மே மாதம் வெளிவந்தது. கரப்பான் பூச்சிகள், நேரத்துக்கு மாற்றப்படாத டயப்பர்கள், உதவி கேட்டு 2 மணித்தியாலத்துக்கு மேலாகவும் அழுதவர்கள் என்று அதில் இருந்தது. அந்தக் குறைகள் அந்த ஒரு மாதத்தில் முளைத்தவை அல்ல. ஆட்பற்றாக்குறை பழையது. அதுவரை மகளும் மகனும் வந்து ஊட்டி, துடைத்து, மணி அடித்து அதைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உள்ளே போக முடியாமல் போனதும் எல்லாம் வெளியே தெரிந்தது.

ஆகவே அந்தச் சகோதரிக்கு நான் சொல்லும் பதில் இதுதான். அம்மாவை இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவது அல்ல. சேர்த்துவிட்டுப் பார்க்காமல் இருப்பதுதான் கைவிடுவது. நல்ல இடத்தைத் தேடுங்கள், கிடைத்த இடத்தையும் கேட்டுக் கேட்டு நல்ல இடமாக்குங்கள். வேறு வேறு நேரத்தில் போங்கள், பணியாளரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், நன்றாகச் செய்தால் நன்றி சொல்லுங்கள். அம்மாவுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இது பற்றிய உங்கள் அனுபவங்களை நிலையத்துக்கு எழுதுங்கள் அல்லது நிகழ்ச்சி நேரத்தில் அழையுங்கள். ஒருவர் பட்டது இன்னொருவருக்கு உதவும். மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.